ஒரு மோட்டார், பல வேலை: சமையலறைக் கருவி வடிவமைக்கத் தொடங்கும் மாணவர்களுக்கு

வடிவமைப்புப் படிக்கிறவர்களுக்கு ஏதாவது ஒரு செமஸ்டரில் இந்த புராஜெக்ட் வந்துவிடும்: பல வேலை செய்யும் ஒரு சமையலறைக் கருவியை உருவாக்க வேண்டும். தலைப்பு கிடைத்த இரவே நோட்டில் ஒரு படம் தயாராகிவிடும். அரைக்கும், துருவும், பிசையும், வேகவைக்கும், போனிலிருந்தே ஓடும். ஆனால் அது சமையல் மேடையில் எங்கே உட்காரும், முடிந்ததும் யார் கழுவுவது என்று கேட்டால் படத்தில் பதில் இருக்காது.

சேலத்தில் இருந்து இந்த வேலையில் இறங்குகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். இங்கே வசதி அதிகம். பாத்திரக் கடைகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன, உருக்காலையும் பக்கத்திலேயே இருக்கிறது. ஏற்காட்டு மலையின் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறினால் சீக்கிரமே வேறொரு தட்பவெப்பம் வந்துவிடுகிறது. ஒரே கருவியை இரண்டு வானிலையில் சோதிக்க எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

வீட்டில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள்

படம் போடுவதற்கு முன்னால் மூன்று பழைய சாமான்களை எடுத்து மேசைமேல் வையுங்கள்: அரிவாள்மனை, முறுக்கு அச்சு, இட்லிப் பானை. மூன்றுமே பல வேலை செய்பவை. மூன்றும் இன்றுவரை புழக்கத்தில் இருப்பவை.

அரிவாள்மனையின் நுனியிலேயே தேங்காய் துருவும் பல் இருக்கிறது. காய் நறுக்கியவர் எழுந்திருக்காமல், பலகையை அழுத்தியிருக்கும் காலை எடுக்காமல், அப்படியே தேங்காய் துருவிவிடலாம். முறுக்கு அச்சில் வில்லையை மாற்றினால் தேன்குழல், ஓமப்பொடி, ரிப்பன் பக்கோடா, இடியாப்பம். அழுத்தும் விதம் மாறுவதே இல்லை. இட்லிப் பானையில் ஆவி ஒன்றுதான். தட்டை மாற்றினால் கொழுக்கட்டை.

உழைக்கும் சக்தி அப்படியே இருக்கிறது, உணவைத் தொடும் பாகம் மட்டும் மாறுகிறது. நல்ல பல்வேலைக் கருவி எதை எடுத்தாலும் இந்த அமைப்பு தெரியும். எத்தனை வேலை செய்கிறது என்ற எண்ணிக்கையை விட, எந்த வேலைகள் ஒரே சக்தியைப் பகிர்ந்துகொள்ள முடியும் என்பதுதான் கண்டுபிடிக்க வேண்டியது. இனி வரும் எல்லாப் படிகளும் அதற்காகத்தான்.

ஒரு வேளைச் சமையலை முழுசாகப் பாருங்கள்

“உங்களுக்கு என்ன மாதிரி மெஷின் வேணும்?” என்று கேட்டால் பயனில்லை. “எல்லாம் இருக்குப்பா, ஒண்ணும் குறையில்ல” என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். பழகிப்போன சிரமம் சிரமமாகத் தோன்றாது. அதனால் கேட்பதைக் குறைத்து, அனுமதி வாங்கிக்கொண்டு, அடுப்பு பற்றவைப்பதிலிருந்து கடைசிப் பாத்திரம் கவிழ்ப்பது வரை உட்கார்ந்து பாருங்கள். வீடியோ எடுத்தால் கைகள் மட்டும் தெரியும்படி வையுங்கள், முகம் வேண்டாம். நேரம், எந்தப் பாத்திரம், எங்கிருந்து எடுத்தார், எப்போதெல்லாம் கை கழுவினார் என்று எழுதிக்கொண்டே வாருங்கள். கை கழுவும் இடங்கள் முக்கியம். ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் எல்லை அங்கேதான் இருக்கிறது.

சொந்த வீட்டை மட்டும் பார்த்தால் போதாது. அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி ஓடும் வீட்டில் சமையல் துண்டுதுண்டாக நடக்கும். தறியை விட்டு வந்து கொஞ்சம், திரும்பிப் போய் வந்து கொஞ்சம். அங்கே வேகமான கருவியை விட, வேலை முடிந்ததும் தானே நின்றுகொள்ளும் கருவிக்கு மதிப்பு. ஒரு வீடு, ஒரு சிறு கடை, மலைமேல் ஒரு வீடு என்று மூன்று இடமாவது பாருங்கள்.

கடை என்றால், நம் ஊரில் தட்டுவடை செட் (தட்டுவடைகளுக்கு நடுவில் துருவிய காயும் சட்னியும் வைத்துத் தருவது) போடும் அக்காக்களை விட்டு வேறு யாரையும் முதலில் தேட மாட்டேன். சாயங்காலக் கடைக்கு மதியமே வேலை தொடங்கிவிடும். கேரட், பீட்ரூட் துருவ வேண்டும், வெங்காயம் பொடியாக நறுக்க வேண்டும், பச்சைச் சட்னியும் காரச் சட்னியும் அரைக்க வேண்டும். துருவும் கையைப் பக்கத்திலிருந்து கவனியுங்கள். பீட்ரூட் முழுசாக இருக்கும்வரை கை சீராக ஓடும். கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்ததும் வேகம் குறையும், விரல்நுனிகள் உள்ளே மடங்கும், கடைசித் துண்டு துருவப்படாமலே ஒதுங்கும். அந்தக் கடைசித் துண்டு உங்களுக்கு ஒரு நல்ல வடிவமைப்புக் கேள்வி. இன்னொன்றும் தெரியும்: கேரட்டை முதலில் துருவிவிட்டு பீட்ரூட்டுக்குப் போவார்கள். மாற்றிச் செய்தால் கேரட்டெல்லாம் சிவந்துவிடும், நடுவில் துருவியைக் கழுவ வேண்டும். சட்னியிலும் பச்சை முதலில், சிவப்பு பிறகு. கழுவும் வேலை ஒன்றை வரிசையாலேயே மிச்சப்படுத்தியிருக்கிறார்கள். உங்கள் கருவி இந்த வரிசையைக் கெடுக்கக் கூடாது.

ஏன் மிக்ஸியிலேயே துருவக் கூடாது என்று கேட்டுப் பாருங்கள். வேகமான பிளேடு காயைச் சிதைத்துவிடும், தண்ணீர் விட்டுக்கொள்ளும், தட்டுவடை நமத்துப்போகும். துருவலுக்கு எந்த வேகம் வேண்டும் என்ற பாடம் அந்தப் பதிலிலேயே இருக்கிறது.

அடுத்தடுத்து வருகிறதா, ஒரே நேரத்தில் வருகிறதா

எழுதிக்கொண்டு வந்ததை ஒரு நீளத் தாளில் நேரக்கோடாகப் போடுங்கள். எந்த வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன, எவை ஒரே சமயத்தில் நடக்கின்றன என்று இரண்டு நிறத்தில் குறியுங்கள். மாணவர்கள் பலரும் தவறவிடுவது இந்த இடம்தான்.

இட்லி வேகும்போதுதான் சட்னி அரைக்கிறோம். இரண்டையும் ஒரே உடம்பில் வைத்து, ஒன்று ஓடும்போது மற்றது ஓடாது என்று செய்தால் காலை அவசரத்தில் அந்தக் கருவி குறுக்கே நிற்கும். தேங்காய் துருவுவதும் சட்னி அரைப்பதும் அப்படியில்லை. ஒன்று முடிந்த கையோடு மற்றது வருகிறது, துருவல் நேராக ஜாருக்குள் விழுந்தாலே ஒரு தட்டு மிச்சம். அடுத்தடுத்து வருவதைச் சேருங்கள். ஒரே நேரத்தில் வருவதைப் பிரித்து வையுங்கள்.

மலைக்கு ஒருமுறை போய் வாருங்கள்

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக அதிக நேரம் ஆகும். குக்கர் அங்கே இன்னும் அவசியம். தானாக நிற்கும் வேகவைப்பான் ஒன்றை 100 டிகிரியை எதிர்பார்க்கும்படி அமைத்திருந்தால், மலைமேல் அது நிற்கவே நிற்காது.

மாவு கதை இன்னும் சுவாரசியமானது. இட்லி மாவு பொங்க 30 டிகிரி வாக்கில் வெப்பம் வேண்டும். சித்திரை மாதச் சேலத்தில் மாவை ராத்திரி வெளியே வைத்தால் விடிவதற்குள் புளித்துப்போகும். மார்கழி ஏற்காட்டில் விடிந்த பிறகும் அரைத்த மட்டத்திலேயே நிற்கும். கம்பளியைச் சுற்றி வைப்பார்கள், அடுப்போரம் வைப்பார்கள். இதிலிருந்தே ஒரு யோசனை எடுக்கலாம். கிரைண்டர் டிரம்மில் அரைத்து முடித்து, கல்லை எடுத்துவிட்டு, அதே டிரம்மை மூடி, அடியில் மிதமான சூடு கொடுத்தால் மாவை வேறு பாத்திரத்துக்கு மாற்றாமலே புளிக்கவைக்கலாம். அரைப்பதும் புளிப்பதும் அடுத்தடுத்த வேலைகள், பாத்திரமும் ஒன்றே. பெரிய ஹீட்டர் வேண்டாம். மூடிய டிரம்முக்குப் பழைய குண்டு பல்பு அளவுச் சூடே கணிசமானது. அதை அணைத்து வைக்க ஒரு சுவிட்ச் அவசியம், ஏனென்றால் கீழே சேலத்துக்கு அது வேண்டாம்.

மலைக் கிராமங்களில் கேழ்வரகுக் களி கிண்டுவதையும் பாருங்கள். கெட்டியாகிக்கொண்டே வரும் மாவில் துடுப்பைத் திருப்ப மணிக்கட்டும் தோளும் சேர்ந்து உழைக்க வேண்டும். மெதுவான, பலமான சுழற்சி. சப்பாத்தி மாவு பிசைவதற்குத் தேவையானதும் அதே மாதிரி சுழற்சிதான். களியையும் சப்பாத்தி மாவையும் ஒரே கியரால் செய்ய முடியுமா என்று யாராவது முயன்றால் சந்தோஷப்படுவேன்.

வேகத்தைப் பார்த்துக் கூட்டணி போடுங்கள்

மிக்ஸி மோட்டார் சுமையில்லாமல் ஓடும்போது நிமிடத்துக்கு 18,000 சுற்று வாக்கில் ஓடும். கிரைண்டர் டிரம் சில நூறு சுற்றைத் தாண்டாது. பிசைவது இன்னும் மெதுவாக இருக்க வேண்டும். தேங்காய் துருவியும் மாவு பிசையும் கத்தியும் ஏன் டேபிள் டாப் கிரைண்டரோடு கூடுதல் பாகமாக வருகின்றன என்று இப்போது புரியும். மெதுவாகச் சுற்றும் சக்தி அங்கே ஏற்கெனவே இருக்கிறது.

வேகமான மோட்டாரிலிருந்து மெதுவான வேலை வாங்க நடுவில் கியரோ பெல்ட்டோ வேண்டும். எடை ஏறும், சத்தம் ஏறும், விலை ஏறும், பழுதாக இன்னொரு இடம் கூடும். உங்கள் பட்டியலில் உள்ள வேலைகளை வேகம், மெதுவு என்று இரண்டாகப் பிரியுங்கள். ஒரு கூட்டத்தை முழுசாக எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதே பெரும்பாலும் நல்ல முடிவு.

வரலாறும் இதையே சொல்கிறது. வெளிநாட்டு மிக்சர்கள் நம் மசாலாவையும் சட்னியையும் அரைக்கத் தாங்காமல் திணறியதால்தான் 1960-களில் சத்ய பிரகாஷ் மாத்தூர் நம் சமையலுக்கென்றே சுமீத் மிக்ஸியை உருவாக்கினார். கோவையில் பி. சபாபதி 1955-ல் செய்த வெட் கிரைண்டர், ஆட்டுக்கல்லின் வேலையைக் கல்லை விடாமலே மோட்டாரிடம் கொடுத்தது. இரண்டு பேரும் பிடித்தது ஒரு வேலையை. அதற்கேற்ற சக்தியைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். கூடுதல் ஜாரும் துருவியும் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டன.

மிக்ஸி ரிப்பேர் கடையில் உட்காருங்கள்

டவுன் பக்கம் எந்தத் தெருவிலும் ஒரு மிக்ஸி மெக்கானிக் இருப்பார். கூட்டம் குறைவான நேரத்தில் போய், டீ வாங்கிக் கொடுத்து, என்னென்ன பழுது திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள். கல்லூரி லேப் சொல்லித்தராத பாடம் அது.

அதிகம் வருபவை இவை. ஜாருக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும் கப்ளர் பல் தேய்ந்து வழுக்குவது. ஜார் அடியில் பிளேடின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து தண்ணீர் ஒழுகுவது. ஒழுகிய தண்ணீர் மோட்டாருக்குள் இறங்கினால் செலவு பல மடங்கு. மோட்டாரின் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்து தீப்பொறி பறப்பது. மூடி வாஷர் இறுகிப்போவது. மோட்டாரே எரிந்து வருவதும் உண்டு. பெரும்பாலும் விட்டுவிட்டு ஓட்ட வேண்டியதை விடாமல் ஓட்டியதால்.

கவனித்தால், பாகங்கள் கழற்றி மாட்டப்படும் இடத்தில்தான் பழுதில் பெரும்பங்கு இருக்கிறது. பல்வேலைக் கருவி என்றாலே அப்படிப்பட்ட இடங்கள் அதிகம். அதனால் இரண்டு விதி வைத்துக்கொள்ளுங்கள். எல்லா ஜாருக்கும் எல்லா இணைப்புக்கும் ஒரே கப்ளர் இருக்க வேண்டும். தேயும் பாகம் எதுவானாலும் ஒரு ஸ்க்ரூடிரைவரோடு தெருமுனைக் கடையில் மாற்ற முடிய வேண்டும். பெட்டியை ஒட்டி மூடிவிட்டால் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒரு சின்ன வாஷருக்காக முழுக் கருவியும் பழைய இரும்புக்குப் போகும்.

கழுவிப் பாருங்கள்

கடைகளில் கிடைக்கும் ஃபுட் பிராசஸர் ஒன்றை இரவல் வாங்கி, நான்கு வெங்காயம் நறுக்குங்கள். எடுப்பது, மாட்டுவது, நறுக்குவது, கழற்றுவது, கழுவுவது, துடைத்து வைப்பது, எல்லாவற்றுக்கும் தனித்தனியாக நேரம் குறியுங்கள். பிறகு கத்தியால் அதே நான்கு வெங்காயம். பழகிய கை ஜெயித்துவிடும். நாற்பது வெங்காயம் என்றால் முடிவு தலைகீழாகலாம்.

எந்த அளவில் கருவி கையை முந்துகிறது என்ற அந்த எண்ணை ஒவ்வொரு இணைப்புக்கும் கண்டுபிடியுங்கள். நான்கு பேர் வீட்டின் தினசரி அளவு அதற்குக் கீழே இருந்தால் அந்த இணைப்பு பரணுக்குப் போகும், சந்தேகமே வேண்டாம். தட்டுவடைக் கடைக்கு அதே இணைப்பு பொன்னாக இருக்கலாம். யாருக்காகச் செய்கிறோம் என்பது இங்கே தெளிவாகிவிடும்.

கழுவும்போது மாவும் துருவலும் தங்கும் மூலைகளை விரலால் தடவிப் பாருங்கள். விரல் போகாத இடத்துக்கு ஸ்க்ரப்பரும் போகாது.

எந்த உலோகம்

செவ்வாய்ப்பேட்டைப் பாத்திரக் கடைகளில் ஒரு மதியம் செலவிடுங்கள். கஞ்சமலை அடிவாரத்தில் இருக்கும் சேலம் உருக்காலை 1980-களின் தொடக்கத்திலிருந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடு தருகிறது. ஸ்டீலைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் இங்கே நிறைய.

உணவு படும் பாகத்துக்கு 304 வகை பாதுகாப்பான தேர்வு. அதில் குரோமியம் 18 சதவீதம், நிக்கல் 8 சதவீதம் வாக்கில் இருக்கும்; புளியும் எலுமிச்சையும் எளிதில் அரிக்காது. காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல ஸ்டீல் என்று சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். நிக்கல் குறைந்த 202 வகையிலும் காந்தம் பெரிதாக ஒட்டாது. இண்டக்‌ஷன் அடுப்பில் வைக்கும் பாத்திரத்துக்கோ காந்தம் ஒட்டும் அடிப்பாகம் அவசியம். புளி படும் இடத்தில் வெறும் அலுமினியமோ ஈயம் (வெள்ளீயம்) பூசாத பித்தளையோ கூடாது. நம் பாட்டிமார் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியதன் காரணம் அதுதான்.

அட்டையில் செய்யுங்கள், மணல் நிரப்புங்கள்

கம்ப்யூட்டரில் மாடல் போடுவது கடைசியில். முதலில் அட்டைப்பெட்டி, தெர்மாகோல், பிவிசி பைப் போதும். அளவு சரியாக இருக்க வேண்டும், எடையும்தான். டேபிள் டாப் கிரைண்டர் பலவும் பத்துக் கிலோவை ஒட்டி இருக்கும். உங்கள் கருவியின் எடையைக் கணக்கிட்டு அட்டை மாதிரிக்குள் அத்தனை மணலை மூட்டை கட்டி வையுங்கள். பிறகு அதை ஒரு நிஜ மேடையில் வைத்து, அறுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் கொடுத்து, மாவை வழித்து எடுப்பதுபோல் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கே பிடிக்கிறார், எங்கே தயங்குகிறார் என்று பாருங்கள். நீங்கள் வைத்த கைப்பிடியைத் தொடாமல் வேறு இடத்தில் பிடித்தால், கைப்பிடி இருக்க வேண்டிய இடம் அதுதான்.

மேல் அலமாரிக்கும் மேடைக்கும் நடுவில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று நீங்கள் பார்த்த சமையலறைகளில் அளந்து வையுங்கள். மூடி திறக்க இடமில்லாத கருவியை ஒவ்வொரு முறையும் முன்னால் இழுக்க வேண்டியிருக்கும்.

மின்சாரத்தில் விளையாட்டு வேண்டாம்

230 வோல்ட்டில் சாதாரண 6 ஆம்பியர் பிளக் சுமார் 1,300 வாட் வரைதான் தாங்கும். சூடாக்கும் பாகமும் மோட்டாரும் சேர்ந்து அதைத் தாண்டினால் பெரிய 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டும். பழைய வீடுகளின் சமையலறையில் அது ஒன்றுதான் இருக்கும், அதிலும் ஏற்கெனவே ஏதாவது மாட்டியிருக்கும். பார்க்கப் போன வீடுகளில் பிளக் பாயின்ட்களையும் எண்ணிக்கொண்டு வாருங்கள்.

சுழலும் பிளேடு இருந்தால், மூடி பூட்டினால் மட்டுமே ஓடும் சுவிட்ச் கட்டாயம். வீட்டு மின்சாதனங்களின் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 302 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. உங்கள் வகைக்கான பகுதியைப் படித்துவிட்டு உடம்பை வரையுங்கள். மோட்டார் வைத்த மாதிரியை ஓட்டுவதானால் எர்த் இணைப்போடு, எலக்ட்ரீஷியன் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மட்டும் ஓட்டுங்கள். பழைய மிக்ஸியைப் பிரித்து, திறந்த பிளேடோடு சோதிப்பது எந்த மதிப்பெண்ணுக்கும் தகாது.

காட்டுவதற்கு முன் பதிவு

யோசனை நன்றாக வந்துவிட்டால் கண்காட்சியில் வைப்பதற்கும் இணையத்தில் படம் போடுவதற்கும் முன்னால் நிதானியுங்கள். வெளியே தெரிந்துவிட்ட பிறகு புதுமை என்று உரிமை கோருவது சிக்கலாகும். தோற்றத்துக்கு 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு. 10 ஆண்டு, நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு. வேலை செய்யும் முறை புதிது என்றால் காப்புரிமை, 20 ஆண்டு. சென்னை கிண்டியில் காப்புரிமை அலுவலகம் இருக்கிறது, விண்ணப்பத்தை இணையத்திலேயே போடலாம். எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்பதில்லை. முதலில் தற்காலிக விவரணத்தோடு விண்ணப்பித்துத் தேதியைப் பிடித்துக்கொண்டு, முழு விவரணத்தை 12 மாதத்துக்குள் கொடுக்கலாம். அந்த 12 மாதத்தை மேலே சொன்ன சமையலறைகளுக்கு மாதிரியைத் திரும்ப எடுத்துப்போகப் பயன்படுத்துங்கள். கண்காட்சி அதற்கப்புறம்.